தோட்டத்தைக் காப்போம், பூனைக்கும் வழி விடுவோம்

வீட்டின் பின்புறம் கையளவு மண் இருந்தாலும் அதில் எதையேனும் நட்டு வைப்பது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். பெண்மக்களின் கைகளுக்கு மருதாணி, ஆணத்திற்குக் கறிவேப்பிலை, நோன்புக் கஞ்சிக்குப் புதினாவும் மல்லியும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முருங்கை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக அமைகிறது என்ற கருத்தில் அனஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. ஆகவே அணில் கடித்த கொய்யாவைக் கண்டு நாம் பெரிதாக வருந்துவதில்லை. ஆனால் பூனை நம் தோட்டத்தில் எதையும் உண்பதற்காக வருவதில்லை. கீரைப்பாத்தியைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளவே வருகிறது. நம் பொறுமை சோதிக்கப்படும் இடம் அதுதான்.

நாங்கள் வசிப்பது காயல்பட்டினத்தில். கடலோர ஊர், தோண்டும் இடமெல்லாம் மணல். தெருவில் மீன் வராத நாள் அரிது. வீடுகளுக்கு இடையே ஓடும் முடுக்குகள் பெண்களின் நடமாட்டத்திற்கு எவ்வளவு வசதியோ, பூனைகளுக்கும் அவ்வளவு வசதி. எங்கள் முடுக்கில் ஐந்து பூனைகள் உண்டு. யாருக்கும் சொந்தமில்லை, எல்லோர் வீட்டுக்கும் வருகின்றன. சென்ற ஆண்டு நாங்கள் சிறுகீரையும் வெந்தயக்கீரையும் விதைத்தபோது, விதை முளைக்கும் முன்பே பாத்தி முழுவதும் கிளறப்பட்டுக் கிடந்தது. சுபுஹு தொழுதுவிட்டுத் தோட்டத்திற்குச் சென்றால் முதலில் எதிர்கொள்வது அந்த நாற்றம்தான்.

அது வெறும் நாற்றமாக இருந்திருந்தால் நாங்கள் சகித்துக்கொண்டிருப்போம். அப்போது எங்கள் மூத்த மகள் முதற்குழந்தையைச் சுமந்திருந்தாள். பூனைக் கழிவு பட்ட மண்ணைக் கையால் தொட வேண்டாம், தோட்டத்துக் கீரையை நன்றாக அலசாமல் உண்ண வேண்டாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். வீட்டில் அச்சம் புகுந்தது. அச்சம் புகுந்த வீட்டில் ஆலோசனைகளுக்குக் குறைவிருக்குமா? ஒருவர் சாக்கு கொண்டுவருவதாகச் சொன்னார்: பிடித்துக் கட்டித் தொலைவில் விட்டுவிடலாம். இன்னொருவர் அதனினும் எளிய வழி சொன்னார்: மீன் தலையில் எலி மருந்து தடவி வைத்தால் ஒரே இரவில் தொல்லை தீரும் என்றார். சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். எங்கள் மகள் மீது அன்புள்ளவர்கள். அன்பிலிருந்தே கொடுமை பிறக்கக்கூடும் என்பதனால்தான் இதை விரிவாக எழுத எண்ணினோம்.

முதலில் அச்சத்தின் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவர்கள் எச்சரிப்பது டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியைக் குறித்து. கருவுற்ற காலத்தில் அது முதன்முறையாகத் தொற்றினால் சிசுவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும்; கருச்சிதைவும் நேரலாம். ஆகவே அச்சம் பொய்யன்று. ஆனால் எல்லாப் பூனையும் எந்நாளும் அதைப் பரப்புவதில்லை. ஒரு பூனை முதன்முறை தொற்றுக்கு ஆளானபின் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரையே பெரும்பாலும் கழிவில் அதனை வெளியேற்றுகிறது. வெளியேறியவுடன் அது பிறருக்குத் தொற்றுவதுமில்லை. அந்நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள்கள் வரை ஆகும். அதன்பின் ஈரமண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கும் மேலாக உயிரோடிருக்கும். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எளியது. கழிவை அன்றாடம் அகற்றுவது பெரும் பாதுகாப்பு. கருவுற்றவர் அவ்வேலையைச் செய்யக் கூடாது. செய்பவர் கையுறை அணிய வேண்டும். கீரையை ஓடும் நீரில் அலச வேண்டும். வேகாத இறைச்சியும் இதே தொற்றுக்கு வழி என்பதை மறந்துவிட்டுப் பூனையை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமாகாது. வெறுங்காலுடன் மணலில் நடக்கும் குழந்தைகளுக்குக் கொக்கிப்புழுவால் அரிப்பு வருவதும் உண்டு. அதற்கும் மருந்து அதே அன்றாடத் துப்புரவுதான்.

மார்க்கத்தின் நிலையும் இங்கே தெளிவாக இருக்கிறது. அபூ கதாதா (ரலி) ஒளுச் செய்வதற்காக, அவருடைய மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பூனை வந்தது. அது குடித்து முடிக்கும் வரை அபூ கதாதா பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். மருமகள் வியப்புடன் பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமன்று, அது உங்களிடையே சுற்றித் திரியும் பிராணிகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார். முவத்தாவிலும் அபூதாவூதிலும் இச்செய்தி உள்ளது. ஆக, பூனை வாய் வைத்த நீர் நமக்குத் தூய்மையானது. அதன் கழிவோ நஜீஸ். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதனால்தான் சிலர் பூனையையே வெறுக்கிறார்கள். வேறு சிலர் கழிவையும் பொருட்படுத்தாமல் விடுகிறார்கள். நாம் விலக்க வேண்டியது கழிவை; உயிரை அன்று.

பூனையை நேசிக்கச் சொல்லும்போது, சட்டைக் கையில் உறங்கிய பூனையை எழுப்பாமல் நபியவர்கள் கையை வெட்டிக்கொண்டு எழுந்த கதையைச் சிலர் சொல்வதுண்டு. ஆதாரபூர்வமான ஹதீஸ் நூல்களில் அது காணப்படவில்லை. அதுபோன்ற நிகழ்ச்சி அஹ்மத் கபீர் ரிஃபாயி அவர்களின் வரலாற்றில்தான் சொல்லப்படுகிறது. அந்தக் கதை இல்லாமலே நமக்குப் போதிய வழிகாட்டல் உண்டு. பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய செய்தியை அறியாதவர் நம்மில் யார்? புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள அந்த நபிமொழியைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். அப்பெண் தண்டிக்கப்பட்டது பூனை வளர்க்காததற்காக அன்று. அவள் அதற்கு உணவு தரவுமில்லை. பூமியில் திரிந்து தானே இரை தேடிக்கொள்ளவும் விடவில்லை. இரண்டு வாசல்களையும் அடைத்தாள். இதை எங்கள் வீட்டில் அளவுகோலாக வைத்துக்கொண்டோம். ஒரு வாசலை அடைக்க நமக்கு உரிமை உண்டு. அப்போது இன்னொரு வாசல் அதற்குத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பல வழிகள் தாமாகவே விலகிவிடுகின்றன. விஷம் வைப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அது பூனையோடு நிற்பதுமில்லை. காக்கையைக் கொல்லும், தவழும் குழந்தையின் கைக்கும் எட்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் அது குற்றம். சாக்கில் கட்டித் தொலைவில் விடுவது இரக்கமான வழிபோலத் தோன்றும். ஆனால் பூனை தன் எல்லையை அறிந்து வாழும் பிராணி. அறியாத இடத்தில் நீர் எங்கே, ஒளியும் இடம் எங்கே என்று அதற்குத் தெரியாது. அங்குள்ள பூனைகள் அதைத் துரத்தும். தாய்ப்பூனையானால், பரணிலோ விறகுக் குவியலிலோ கண் திறக்காத குட்டிகள் பட்டினியில் இறக்கும். காலியான இடத்திற்குச் சில வாரங்களில் வேறு பூனை வந்துவிடும். தொல்லை அப்படியே இருக்க, பாவம் மட்டும் நம் கணக்கில் சேரும்.

தீங்கென்று தெரியாமலே நம் வீடுகளில் செய்யப்படுபவையும் உண்டு. பாத்தியோரம் பாச்சை உருண்டை போடுவதும் பினாயில் தெளிப்பதும் அவ்வகையின. பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலின் நச்சுப்பொருள். பினாயில் வகைகளிலுள்ள பீனாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கியே அது நோயுறும். மிளகாய்ப்பொடி தூவினால் பாதத்தில் ஒட்டி, முகம் துடைக்கும்போது கண்ணில் ஏறும். மதிலின் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதும் எலிப்பசை அட்டையை மண்ணில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். பழைய மீன்வலை நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது என்று பாத்தியின் மேல் விரிப்பார்கள். குட்டியின் காலும் பறவையின் சிறகும் அதில் சிக்கிக்கொள்ளும். சொட்டுநீலம் கலந்த தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிடும் வழக்கத்தால் தீங்கு ஏதுமில்லை. பயனும் ஏதுமில்லை, எங்கள் முடுக்கில் அந்தப் புட்டியின் நிழலிலேயே ஒரு பூனை உறங்குகிறது.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? பூனை ஏன் வருகிறது என்று அறிந்தால் விடை எளிது. அது தன் கழிவைப் புதைக்கும் இயல்புடையது. அதற்கு வேண்டியது மூன்று: காய்ந்திருக்கும் மண், எளிதில் கிளறக்கூடிய மண், முன்பு தானோ பிற பூனையோ பயன்படுத்திய மணம். புதிதாகக் கொத்தி விதைத்த பாத்தி அதன் கண்ணுக்கு அழைப்பு விடுத்ததுபோல் இருக்கிறது. இந்த மூன்றையும் பாத்தியிலிருந்து நீக்கிவிட்டால் போதும்.

நாங்கள் முதலில் செய்தது, பழைய கழிவை அதைச் சுற்றியுள்ள ஒரு சாண் மண்ணோடு அள்ளி, கிணற்றிலிருந்து தொலைவில் ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்தது. அந்த இடத்தில் புது மண் இட்டோம். பழைய மணம் இருக்கும்வரை வேறு எதுவும் பலிக்காது. அடுத்து, விதைத்த பாத்திகளின் மேல் கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையை மண்ணோடு மண்ணாகப் படிய விரித்தோம். ஓர் அங்குலக் கண்ணுள்ள வலை போதும். வெட்டிய ஓரங்களைக் கீழ்நோக்கி மடித்துவிட வேண்டும். இல்லையேல் பூனையின் பாதத்தையும் நம் கையையும் கிழிக்கும். வளைத்த கம்பித் துண்டுகளை நான்கு மூலைகளிலும் ஊன்றினால் வலை அசையாது. கீரை அதன் கண்களின் வழியே மேலெழுந்து வரும். வேரோடு பிடுங்காமல் தண்டை நறுக்கி எடுத்தால் மீண்டும் துளிர்க்கும். வலையையும் எடுக்க வேண்டியதில்லை.

வலை போட முடியாத இடங்களில், மிளகாய், கத்தரி, மருதாணிச் செடிகளின் அடியில், தேங்காய் மட்டைத் துண்டுகளை நெருக்கமாகப் பரப்பினோம். கால் வைத்துக் கிளற இடமில்லாதபோது பூனை திரும்பிவிடுகிறது. மட்டை ஈரத்தையும் காப்பதனால் செடிக்கும் நன்மை. கவிழ்த்து வைத்த சிரட்டையும் கூழாங்கல்லும் இதே வேலையைச் செய்யும். நாற்று சிறிதாக இருக்கும்போது, தென்னை ஈர்க்குகளை ஒரு சாண் நீளத்திற்கு நறுக்கி, மழுங்கிய முனை மேலே இருக்கும்படி நான்கு விரற்கடை இடைவெளியில் ஊன்றலாம். தண்ணீரை மாலையில் பாய்ச்சினால் இரவெல்லாம் மண் ஈரமாக இருக்கும். ஈரமண்ணைப் பூனை விரும்புவதில்லை. எலுமிச்சைத் தோலின் மணமும் அதற்குப் பிடிக்காது. ஆனால் ஓரிரு நாளில் தோல் காய்ந்து மணம் போய்விடும். அதனைத் துணையாகக் கொள்ளலாமே தவிர நம்பியிருக்க முடியாது.

கதவின் அடியிலும் கழிவுநீர்த் தூம்பிலும் உள்ள சந்துகளை அடைக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடைக்கும் முன் உள்ளே குட்டிகள் உண்டா என்று இரண்டு நாள்கள் பார்க்க வேண்டும். தாயை வெளியிலும் குட்டியை உள்ளேயும் வைத்து அடைத்துவிட்டால், நாம் மேலே சொன்ன பெண்ணின் செயலுக்கும் நம் செயலுக்கும் வேறுபாடு இல்லாமற்போகும்.

இவ்வளவும் ஒரு வாசலை அடைக்கும் வேலை. அடுத்து மற்றொரு வாசல். தோட்டத்தின் கோடியில் வேம்பின் அடியில் மூன்றடிச் சதுரத்திற்குச் செங்கல் அடுக்கி, உள்ளே சல்லடையிட்ட காய்ந்த மணலை நிரப்பினோம். பாத்தியிலிருந்து எடுத்த கழிவில் சிறிதை முதல் நாள் அதில் புதைத்து வைத்தோம். மணம் வழிகாட்டும் என்பதற்காக. ஒரு வாரத்தில் இரண்டு பூனைகள் அங்கே செல்லத் தொடங்கின. ஒரு மாதத்தில் நான்கு. நாள்தோறும் காலையில் வீட்டு ஆண்களில் ஒருவர் கையுறை அணிந்து, கரண்டியால் கழிவை அள்ளிப் புதைப்பார். மாதம் ஒருமுறை மணலை மாற்றுவார். ஐந்து நிமிட வேலை. அன்றாடம் அகற்றுவதனால் நோயச்சமும் பெருமளவு நீங்கிற்று. ஐந்தாவது பூனை இன்றும் சில நாள் கறிவேப்பிலையின் அடியைத்தான் நாடுகிறது. அதையும் அள்ளிவிடுகிறோம்.

இனி அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் இந்தப் பிரச்சினையில் மிகக் கடினமான பகுதி அதுவே. எங்கள் பக்கத்து வீட்டு மாமி கணவரை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில். அஸர் தொழுகை முடிந்ததும் மீன்முள்ளும் சோறும் பிசைந்து எங்கள் மதிலின் ஓரத்தில் வைப்பார். பூனைகள் நேரம் தவறாமல் கூடும். உண்டபின் எங்கள் மதிலைத் தாண்டும். தெருவில் சிலர், "முதலில் அந்த அம்மாவின் சோற்றை நிறுத்துங்கள்" என்றனர். அண்டை வீட்டாரைச் சொத்துக்கு வாரிசாக்கிவிடுவாரோ என்று நபியவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) வலியுறுத்தினார் அல்லவா? அந்த உரிமையை நினைத்துக்கொண்டே நாங்கள் இருவரும் அவரிடம் சென்றோம்.

விவரத்தைச் சொன்னதும் மாமியின் முகம் வாடிற்று. "சோறு வைக்கிறதை நிறுத்தச் சொல்லுறீங்களா?" என்றார்.

"இல்லை மாமி. வைக்கிற இடத்தை மட்டும் மாத்துங்க. பிள்ளை உண்டாகியிருக்கா, அதனாலதான்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த வீட்டுல நான் கூப்பிட்டா வர்றது அதுங்க மட்டும்தான்" என்றார். எங்களுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. பூனைக்குச் சோறு வைப்பது அவருக்குத் தர்மம் மட்டுமன்று, துணையும்கூட என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று மஃரிப் பாங்கு சொல்லும் வரை அவரோடு அமர்ந்திருந்தோம். எழும்போது அவரே சொன்னார்: "பின்பக்கத்துக் காலி மனைப் பக்கமா வைக்கிறேன். உங்க மண்ணுப் பெட்டிக்கு நானும் ஒரு வாளி மணல் தாரேன்."

இப்போது அவர் வேம்புக்கு அப்பால், மண்பெட்டிக்கு அருகிலுள்ள பக்கத்தில் உணவு வைக்கிறார். அரைமணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுவதனால் எலியும் காக்கையும் சேர்வதில்லை. உணவும் கழிப்பிடமும் ஒரே திசையில் அமைந்ததால் எங்கள் பாத்திப் பக்கம் வரும் தேவையே பூனைகளுக்குக் குறைந்துவிட்டது. நாங்கள் வலைக்கும் மட்டைக்கும் செலவிட்ட உழைப்பைக் காட்டிலும் அந்த ஒரு மாலைநேரப் பேச்சு அதிகம் பயன் தந்தது.

பூனைகள் பெருகிக்கொண்டே போனால் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. பெண்பூனை ஆறு மாதத்திற்குள்ளேயே கருவுறக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். கருத்தடை அறுவை செய்து மீண்டும் அதே இடத்தில் விடுவதை விலங்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இதில் சட்டவல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி நூல்கள், பயன் இருந்தால் விலங்குக்கு விதையடிப்பதற்கு இடமளிக்கின்றன. நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபியி மத்ஹபின் நூல்கள், உண்ணத்தக்க விலங்கின் இளம்பருவத்தில் தவிர அதை அனுமதிப்பதில்லை. இக்காலத்து ஆலிம்களில் பலர், பெருகிப் பட்டினியாலும் நோயாலும் மடிவதைத் தடுக்கும் நோக்கில் இதை ஆகுமானது என்கின்றனர். அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து செயல்படுவதே முறை. பிறந்த குட்டிகளைச் சாக்கடையில் வீசுவதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை என்பது மட்டும் உறுதி.

அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அப்பெயர் வரக் காரணம், ஆடு மேய்க்கும் காலத்தில் அவர் உடன் வைத்துக்கொண்டிருந்த ஒரு சிறு பூனை. இரவில் அதை ஒரு மரத்தில் விட்டுவிடுவார். பகலில் எடுத்துச் சென்று அதனோடு விளையாடுவார் என்று திர்மிதியில் காண்கிறோம். இரவில் அது தங்குவதற்கு ஓர் இடம், பகலில் உடன் திரிய ஓர் இடம். பூனைக்கு அதனதன் இடத்தைக் காட்டுவது இரக்கத்திற்கு மாறானதன்று என்பதை இதிலிருந்தும் உணரலாம்.

அல்ஹம்துலில்லாஹ், எங்கள் மகள் நலமாக ஓர் ஆண்குழந்தையைப் பெற்றெடுத்தாள். கீரை மூன்று முறை அறுத்தாகிவிட்டது. ஒரு பிடி மாமியின் வீட்டுக்கும் செல்கிறது. உங்கள் வீட்டிலும் இத்தொல்லை இருந்தால், கையில் கல்லை எடுக்கும் முன் ஒரு கூடைத் தேங்காய் மட்டையை எடுங்கள். மதிலை உயர்த்தும் முன் அண்டை வீட்டின் கதவைத் தட்டுங்கள். வாயில்லாப் பிராணிகளின் விஷயத்தில் தன்னை அஞ்சி நடப்போராக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.